நான் இட்ட சாட்சிக் கையெழுத்து

நான் பொய் சொன்னேன். பதற்றத்தில் வாய் தவறியதல்ல... ஓர் இரவு முழுக்க யோசித்துச் சொன்ன பொய்!

எண்பத்தைந்தாம் ஆண்டு. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் மீன் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவன் என்பதை மறைத்திருந்தேன். படித்தவனென்றால் கழுவும் வேலையும் கிடைக்காது என்று எங்கள் ஆட்கள் பயமுறுத்தியிருந்தார்கள்.

அபேனாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கானா நாட்டுப் பெண்மணி. அந்தக் கூடத்தின் ஒரே கறுப்பின விஞ்ஞானி. என் மாணவர்களைப் போலவே என்னை 'மாஸ்டர்' என்பார். மீன் பழுதாகத் தொடங்கியதும் நிறம் மாறும் காகிதத் துண்டொன்றைத் தனியாகவே நின்று கண்டுபிடித்தார்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்த்தேன், விளங்கிக்கொண்டேன்' என்று இன்னொருவர் கையெழுத்திட வேண்டும். யாருடைய கண்டுபிடிப்பு என்பதற்கு அதுதான் ஆதாரம்; விளங்காதவர் இட்டால் செல்லாது. அவருடைய கொப்பியை வெள்ளையர் எவரும் தொடவில்லை. நான் கையெழுத்திட்டேன். எனக்கு எல்லாமே விளங்கியது!

ஒருநாள் கூடத்தின் தலைவர் அது தன் கண்டுபிடிப்பு என்றார். விசாரணை வைத்தார்கள். சாட்சி நான் ஒருவன்தான். எனக்கோ அந்த நாட்டில் தங்குவதற்கான விசா இன்னும் வரவில்லை...

"அந்தக் காப்பிலிக்காக உங்கட விசாவைக் கெடுக்கப் போறியளோ?" என்று மனைவி கேட்டாள்.

நான் அவளை ஏசவில்லை. அந்த இழிசொல் எனக்குள்ளும் இருந்தது. தெருவில் எங்களைப் பார்த்துத் துப்பியவர்களிடம் இருந்ததும் அதுதானே? நீங்களே சொல்லுங்கள்!

"இதில் எழுதியிருப்பது உனக்கு விளங்கியதா?" தலைவர் சிரித்தபடி கேட்டார்.

"இல்லை ஐயா. நான் கழுவுகிறவன். போடச் சொன்னார், போட்டேன்."

அபேனா சத்தம் போடவில்லை. வாசலில் என்னை மறித்து ஒன்றுதான் கேட்டார்: "மாஸ்டர், உங்களுக்குமா விளங்கவில்லை?"

அடுத்த மாதம் அவருடைய மேசை வெறுமையாயிற்று. எனக்கு விசா வந்தது. அந்த ஆய்வுகூடத்தைப் பற்றிக் குடிவரவு அலுவலகத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை... ஒன்றுகூட!

இப்போது என் மகள் ஓல்போர்க்கில் விஞ்ஞானி. நேற்றுத் தொலைபேசியில், வழக்கம்போல டேனிஷில், சொன்னாள்: "என் பக்கங்களில் கையெழுத்திட எவரும் வருவதில்லை, அப்பா. குடுவை கழுவுகிறவர்தான் இடுகிறார். நல்ல மனிதர்."

நம்பாதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால்...?

"ஓம், பிள்ளை" என்றேன்.

நல்ல மனிதர்! அபேனாவும் தன் வீட்டில் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார்.