மருத மரத்தில் கட்டிய விளக்குகள்

எங்கள் தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தால், மருத மரம் கண்ணில் பட்டதுமே தப்ஸ் கொட்டு அடிக்கிறவர்கள் கையை இறக்கிவிடுவார்கள். பைத் பாடுகிறவர்கள் பாதி அடியிலேயே நிறுத்திவிடுவார்கள். மௌத்து விழுந்த வீட்டைக் கடப்பதுபோல அத்தனை கூட்டமும் வாய் திறக்காமல் நடந்து, முக்கு திரும்பிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கும். வெளியூர் மாப்பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள். மரம் கொள்ளாமல் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். சத்தத்தில் அவை கலைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். பெருநாளைக்குக்கூட அந்தப் பக்கம் யாரும் வெடி போட்டதில்லை.

மரம் நின்றது சாச்சா வீட்டுக் கொல்லையில். சாச்சா என் வாப்பாவுக்கு நேர் இளையவர், பஸ் நிலையத்தருகே பழக்கடை வைத்திருந்தார். "பழக்கடைக்காரன் வௌவாலுக்குக் காவல் இருக்கானே, இந்தக் கூத்து எங்கன உண்டு?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "அதுக்கும் நமக்கும் ஒரே யாவாரம்லா வே" என்பார். சாச்சி சின்ன வயதிலேயே மௌத்தாகிவிட்டதால், மகனையும் மகளையும் அவரே ஆளாக்கினார். அந்தியில் மகரிபுத் தொழுகை முடிந்து வந்ததும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கொல்லையில் நிற்பார். வௌவால்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, தாமிரபரணியைத் தாண்டி வாழைத் தோப்புகள் பக்கம் போகும். குட்டியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு போகும் தாயைக் கண்டால் போதும், "அங்கன பாரு, புள்ளைய இடுக்கிட்டுப் போறதப் பாரு" என்று அவர் குரல் இளகிவிடும்.

அந்த மகளுக்குத்தான் கல்யாணம் வந்தது. அண்ணன்காரன் சவுதியிலிருந்து வந்திறங்கினான். வெடி கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று சாச்சா கறாராகச் சொல்லிவிட்டார். அவன் முகம் வாடிப்போனது. "ஒரே தங்கச்சி வாப்பா. லைட்டாவது நல்லாப் போடுவோம். வெளிச்சத்துக்கு என்ன சத்தமா இருக்கு?" என்றான். சாச்சா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிதான், அது பாட்டுக்கு எரிஞ்சிட்டுப் போவுது" என்றார். எங்கள் யாருக்குமே அதில் தப்பு தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாக நாங்கள் சத்தத்துக்கு மட்டுமே பயந்து பழகியவர்கள். அடிமரத்திலிருந்து உச்சிக்கிளை வரை சீரியல் பல்பைச் சுற்றி, கீழிருந்து மேல்நோக்கி ஃபோகஸ் லைட்டும் வைத்தார்கள். பார்க்கத் தெருவே கூடியது. அப்படி ஒரு அழகு, எனக்கும் கண்ணை எடுக்க மனமில்லை.

மகரிபுக்குப் பாங்கு சொல்லி வெகுநேரமாகியும் அன்று ஒன்றுகூடக் கிளம்பவில்லை. பிறகு ஒரே கூச்சலாக எழும்பி, மரத்தையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போயின. சின்னக் குட்டிகள் தாயோடு போய்விட்டன. சுமக்க முடியாத அளவு வளர்ந்த, இன்னும் பறக்கப் பழகாத குட்டிகளைத் தாய்கள் கிளையிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம்; இரை தின்று திரும்பி வந்து பால் கொடுக்கும். அந்த வெளிச்சத்துக்குள் எந்தத் தாயும் திரும்பி வரவில்லை. மறுவீட்டு விருந்துவரை விளக்குகள் எரிந்தன. விருந்துக்கு மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்த சாச்சா, கொல்லையில் குட்டிகள் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். அன்றே மரத்து விளக்குகளை அவிழ்க்க வைத்தார். புதுப்பெண் மருதாணிக் கையோடு குட்டிகளைப் பொறுக்கித் துண்டில் போட்டாள். வாழைப்பழத்தைக் கரைத்து ஊட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை.

மரத்துக்கு வௌவால்கள் பிறகு வரவே இல்லை. வெளிச்சத்தில் ருசி கண்ட தெருக்காரர்கள் மனுப்போட்டு முக்கில் உயரமான விளக்குக் கம்பமும் நட்டுக்கொண்டார்கள். சாச்சா மகனை ஒரு சொல் சொல்லவில்லை. "அவன் ஆசைக்குச் செஞ்சான். சரின்னது நாந்தான" என்பார். சாயங்காலமானால் தன் வீட்டு விளக்கை மட்டும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தெரு விளக்கின் வெளிச்சம் சன்னல் வழியாக அவர் மடியில் விழும். கண்ணில் புரை விழுந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. பாளையங்கோட்டை அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் நான் போனால், அவரோடு இருட்டில் உட்கார்ந்துதான் தேத்தண்ணீர் குடிப்பேன்.

அவர் மௌத்தாவதற்குச் சில வாரம் முன்பு, மகரிபு முடிந்த நேரம், ஊர் முழுக்கக் கரண்டு போனது. தெருவே அலுத்துக்கொண்டது. அவர் மட்டும் பரபரவென்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்குப் போனார். பார்க்க வந்திருந்த மகள் பின்னாலேயே ஓடினாள், நானும் போனேன். "லைட்டு போயிட்டுல்லா, இப்ப வௌவாலு பறக்கும். எனக்குத்தான் தெரிய மாட்டேங்கு. நீ பாத்துச் சொல்லு தாயி, போவுதா?" என்றார்.

மகள் அண்ணாந்து பார்த்தாள். மரத்திலும் ஒன்றும் இல்லை, ஆற்றுப் பக்கத்து வானத்திலும் ஒன்றும் இல்லை.

"போவுது வாப்பா."

"புள்ளைய இடுக்கிட்டா?"

"ஆமா வாப்பா. இடுக்கிட்டுத்தான் போவுது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கரண்டு வந்துவிட்டது. முக்கு விளக்கு எரிந்ததும் தெருப்பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்தினார்கள். மகள் அழுகிற சத்தம் அதில் அவருக்குக் கேட்கவில்லை.