முதலாளி வெளில போயிருக்காரு

பாத்திரக் கடை வேலையில முதல்ல கத்துக்கறது விலை இல்லீங்க, நிக்கறது. காலையில கதவுப் பலகைய எடுத்து வெச்சா, திரும்ப பலகை மாட்டற வரைக்கும் நிக்கணும். சேல்ஸ்மேன் உக்காந்திருக்கறதைப் பார்த்தா எந்த முதலாளிக்கும் வயிறு எரியும். தேரடி வீதியில ஒரு பெரிய பாத்திரக் கடையில நான் பதினெட்டு வருஷம் நின்னேன். என்னை மாதிரி கடையில நின்னு பொழைச்சவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, உங்க முழங்காலுக்கு என் பேச்சு புரியும்.

நின்னுக்கிட்டே ஒரு ஆசைய வளர்த்தேன். கல்யாணம் நிச்சயமான வீட்டுக்காரங்க எங்க கடையில அண்டாவும் குடமும் வாங்குவாங்க. அப்புறம் பாய்க்கு ஒரு தெரு, முறத்துக்கு ஒரு தெரு, ஸ்டவ்வுக்கு இன்னொரு தெருன்னு கல்யாணப் பொண்ணையும் இழுத்துக்கிட்டு வெயில்ல அலைவாங்க. எனக்குன்னு ஒரு கடை வேணும். புதுக் குடித்தனத்துக்கு வேண்டியது துடைப்பத்துலேருந்து அண்டா வரைக்கும் அந்த ஒரு இடத்துல கிடைக்கணும். ஒரு பொண்ணாவது முழுச் சீரையும் என் கடையிலேருந்து கொண்டு போகணும். அவ்ளோதான் ஆசை.

எமர்ஜென்சி முடிஞ்ச வருஷம் பே கோபுரத் தெருவுல ஒரு கடை வாடகைக்குக் கிடைச்சுது. என் சம்சாரம் சரோஜாவோட வளையல் அத்தனையும் எவர்சில்வரா மாறி அலமாரியில ஏறுச்சு. போர்டுல அம்மன் பேரைப் போட்டேன். ஏழுமலைன்னு என் பேரைப் போட்டுக்கக் கூச்சமா இருந்துச்சு. வினை அங்கதான் ஆரம்பிச்சுது.

நாற்காலி

கடை திறந்த அன்னிக்கு சரோஜா அவங்க அண்ணன் வீட்டுலேருந்து பிரம்பு பின்னின நாற்காலி ஒண்ணு கொண்டு வந்து கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி போட்டா. "உக்காருங்க, நான் ஒரு தடவ பார்த்துக்கறேன்"னா. உக்காந்தேன். வாசல்ல ஒரு செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அடுத்த நிமிஷம் பக்கெட் அடுக்கு பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். எப்படி எழுந்தேன்னு எனக்கே தெரியாது, கால் தானா எழுந்துருச்சு.

வந்தவர் வேங்கிக்கால்லேருந்து வந்த ஒரு பெரியவர். காலி நாற்காலியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. "முதலாளி இல்லியாப்பா?"ன்னு கேட்டாரு. பதினெட்டு வருஷமா இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். அதே பதில் வாயிலேருந்து வந்துருச்சு: "வெளில போயிருக்காருங்க, இப்ப வந்துருவாரு." அவர் தலைய ஆட்டிக்கிட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வாங்கிட்டுப் போயிட்டாரு. அதுதான் முதல் போணி. பின்னாடி டம்ளரைத் துடைச்சுக்கிட்டு இருந்த சரோஜா நிமிராமலே சொன்னா: "உங்க முதலாளி வந்தா என்னையும் கூப்பிடுங்க, நானும் அவரைப் பார்த்ததில்ல."

டீக்காசு

அன்னிக்கே திருத்தியிருக்கலாம். திருத்தல. ஏன்னா அடுத்த வாரமே அந்த இல்லாத முதலாளி எனக்கு ஒத்தாசை பண்ண ஆரம்பிச்சுட்டாரு.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துலேருந்து பச்சையம்மான்னு ஒரு அம்மா வந்தாங்க. மல்லாட்டை போடற குடும்பம். வேர்க்கடலைய எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அறுவடை முடிஞ்ச கையோட ஊரே பஸ் ஏறி பாத்திரம் வாங்க வரும். இந்த அம்மா பன்னெண்டு தூக்குச்சட்டிய இறக்கச் சொல்லி, பன்னெண்டையும் தட்டிப் பார்த்துட்டு, முதல்ல பார்த்ததையே கையில எடுத்தாங்க. கடைக்காரங்க எல்லாருக்கும் இந்த அம்மா யாருன்னு தெரியும், உங்க கடைக்கும் கட்டாயம் வந்திருப்பாங்க. அப்புறம் பேரம். நான் என்ன சொல்லியும் படியல. கடைசியா, "எனக்குக் குடுக்க ஆசைதாம்மா, முதலாளி ஒத்துக்க மாட்டாரு. ரொம்பக் கறாரு"ன்னு சொன்னேன். பொசுக்குனு பேரம் நின்னு போச்சு. சொன்ன விலையைக் குடுத்தாங்க.

அதுலேருந்து எனக்கு ருசி கண்டு போச்சு. மூணு வருஷத்துல அந்த முதலாளிய நான் வளர்த்த வளர்ப்பு இருக்கே, பெத்த புள்ளைய யாரும் அப்படி வளர்த்திருக்க மாட்டாங்க. அவருக்கு அல்சர் வந்துச்சு. மூக்கு மேல கோவம் வந்துச்சு. மத்தியானம் என்னைச் சாப்பிடக்கூட விட மாட்டாருன்னு ஒரு தடவ சொல்லிட்டேன். பச்சையம்மாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. முந்தானை முடிச்சை அவுத்து ஒரு நாலணாவை எடுத்து என் கையில வெச்சு, விரலையும் மூடிவிட்டாங்க. என் சொந்தக் கடையில நானே டிப்ஸ் வாங்கினேன். அதுக்கப்புறம் எப்ப வந்தாலும் போகும்போது இதைச் சொல்லாம போக மாட்டாங்க: "டீ குடிப்பா. அந்தக் கஞ்சன் கண்ணுல படாம குடி."

சைக்கிள்ல வந்த வெள்ளைக்காரர்

ரமணாசிரமத்துக்கிட்ட ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சைக்கிள்ல வருவாரு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துடைப்பம், எல்லாம் ஒண்ணு ஒண்ணு. தமிழ் பேசிப் பழகணும்னு ஒரே நாள்ல வாங்க வேண்டியதை நாலு நாளாப் பிரிச்சு வாங்குவாரு. வந்ததும் முதல் கேள்வி, "முதலாளி சௌக்கியமா?" நானும் சௌக்கியம்னு சொல்லி, வெளில போயிருக்காருன்னு சேர்த்துப்பேன். பக்கத்து டீக்கடைக்காரருக்கு எல்லாம் தெரியும். அவர் ஒரு பக்கம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாரு.

நாலாவது நாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கேரியர்ல கட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். அவர் அந்தக் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னுட்டு, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சாரு: "உங்க முதலாளி, கடவுள் மாதிரி. எல்லாரும் பயம். யாரும் பார்க்கல."

தொட்டித் தண்ணி

பழைய கடையில ஒழுகற குடத்தைத் திருப்பிக் கொண்டு வந்தா, "நீங்க கீழ போட்டிருப்பீங்க"ன்னு சொல்லச் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். அந்தப் பொம்பளைங்க முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதனால என் கடை வாசல்ல ஒரு சிமெண்ட் தொட்டியில தண்ணி ரொப்பி வெச்சேன். சொம்போ அண்டாவோ, தண்ணி ஊத்தி, தூக்கிப் பிடிச்சு, அடியில துணியால துடைச்சுக் காட்டாம எதையும் குடுக்க மாட்டேன். நேரம் ஜாஸ்தி ஆகும், ஜனம் முணுமுணுக்கும், வாசலெல்லாம் சேறு. நான் விடல.

கல்யாண சமையல்காரர் ஒருத்தர் ஆறு தேக்சா வாங்க வந்தாரு. தேக்சான்னா பிரியாணி ஆக்கற பெரிய பாத்திரம். ஆறுக்கும் தண்ணி ரொப்பினேன், ஒண்ணு லேசாக் கசிஞ்சுது. அதை நானே ஒதுக்கி வெச்சுட்டு வேற எடுத்துக் குடுத்தேன். அவர் இடுப்புல கை வெச்சுக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. பாராட்டப் போறாருன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன். அவர் சொன்னாரு: "உன் முதலாளி கஞ்சனா இருக்கலாம்ப்பா, ஆனா மனுஷன் யோக்கியன்."

தீபத்துக்கு முன்னாடி

கார்த்திகை தீபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, கூட்டம் அலை மோதற நேரத்துல, என் பழைய முதலாளியே கடைக்கு வந்தாரு. உள்ள வந்தவர் பழக்க தோஷத்துல நேரா கல்லாவுக்குப் பின்னாடி போய் நாற்காலியில உக்காந்துட்டாரு. நானும் பழக்க தோஷத்துல அவர் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அந்த நாற்காலி அன்னிக்குத்தான் நிம்மதியா இருந்த மாதிரி தோணுச்சு.

ஒரு வெளியூர் அம்மா வெங்கலக் குத்துவிளக்கைத் தூக்கிக்கிட்டு வந்து, அவர்தான் முதலாளின்னு நினைச்சு, "பார்த்துப் போட்டுக் குடுங்கய்யா"ன்னாங்க. பதினெட்டு வருஷத்துல அவர் ஒத்தக் காசு குறைச்சு நான் பார்த்ததில்ல. "அஞ்சு ரூபா கம்மியாக் குடும்மா"ன்னு அஞ்சு விரலைக் காட்டினாரு. அந்த அம்மா வாழ்த்திட்டுப் போனாங்க. அவரு கிளம்பும்போது என் தோள்ல தட்டினாரு: "அடுத்தவன் கடையில குறைக்கறது எவ்ளோ சுகமா இருக்கு ஏழுமல."

பச்சையம்மாவோட முடிவு

நாலாவது வருஷம் மல்லாட்டை நல்லா காய்ச்சுது. பச்சையம்மா பூரிச்ச முகத்தோட வந்தாங்க. மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருச்சு. சீர் லிஸ்ட்டை மகளே நோட்டுப் பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தா. என்கிட்ட நீட்டினாங்க. அண்டா, குடம், இட்லி குண்டான், அஞ்சறைப் பெட்டி, ஸ்டவ், பாய், முறம், துடைப்பம். படிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல நான் மனசுக்குள்ள எழுதி வெச்சிருந்த லிஸ்ட் அது. ஒண்ணு விடாம எல்லாம் என் கடையில இருக்கு.

"எல்லாத்தையும் எடுத்து வெக்கட்டுமாம்மா?"ன்னேன். அவங்க லிஸ்ட்டைத் திரும்ப வாங்கி மடிச்சுக்கிட்டாங்க. "உங்கிட்டக் காட்டணும்னுதான் வந்தேன். வாங்கறது வேலூர்லதான். ஒரு சொம்பு தட்டுன்னா உன் மூஞ்சிக்காக வாங்குவேன். என் பொண்ணு சீர்க்காசைக் கொண்டு வந்து, ஒரு மனுசனுக்குச் சோறு தின்ன நேரம் குடுக்காத பாவி கல்லாவுல போட எனக்கு மனசு வரல." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாங்க: "நீ எப்பனா தனியா ஒரு கடை போடு ஏழுமல, நான் ஓடி வரேன்."

முதலாளி வந்தாரு

உள்ளேருந்து சரோஜா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. பச்சையம்மா ஒரு காலைத் தெருவுல வெச்சுட்டாங்க. நேரா போய் நாற்காலியில உக்காந்தேன். வாடிக்கையாளர் எதிர்ல நான் உக்காந்தது அதுதான் முதல் தடவ.

அவங்க பதறிப் போய்த் திரும்பி வந்தாங்க. "எந்திரிப்பா, எந்திரி. அவரு வந்துறப் போறாரு"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. "வந்துட்டாரும்மா"ன்னேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன், அல்சர் உள்பட. கேட்கக் கேட்க அவங்க கண்ணு சிறுத்துக்கிட்டே வந்துச்சு. சரோஜாவைப் பார்த்தாங்க, அவ ஆமான்னு தலையாட்டினா. அப்புறம் சொன்னாங்க: "அப்ப நாலு வருசமா எனக்கு ஒரு பைசா குறைக்காத அந்தக் கஞ்சப் பய நீதானா?"

நான் தலை குனிஞ்சேன். அவங்க முந்தானைய உதறி இடுப்புல சொருகிக்கிட்டு, முக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "ஓடி வரேன்னு சொல்லிட்டேன், சொன்ன சொல் மாற மாட்டேன். இறக்கு எல்லாத்தையும்." மத்தியானத்துக்கு ஆரம்பிச்சது, வெயில் தாழற வரைக்கும் நடந்துச்சு. ஒவ்வொண்ணையும் அவங்க தட்டினாங்க, நான் தண்ணி ரொப்பினேன். பாத்திரத்துலயெல்லாம் பொண்ணு பேரை நானே உக்காந்து வெட்டினேன். துடைப்பம் உள்பட எல்லாத்தையும் ஒரு வேன்ல ஏத்தினோம். அண்டா மேல குடம், குடம் மேல முறம், நடுவுல பாய். ஒரு முழு வீடு என் கடை வாசல்ல நின்னுச்சு. அதைப் பார்த்து எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. கடை திறந்த அன்னிக்குக்கூட அவ்ளோ பெருமை இல்ல.

கடைசியா பச்சையம்மா கல்லாவுக்கு எதிர்ல வந்து நின்னாங்க. "இவ்ளோ வாங்கியிருக்கேன், பார்த்துக் கம்மி பண்ணு"ன்னாங்க. பழக்கம் எங்க விடும், நான் வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கிட்டேன். அவங்க இடுப்புல கை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க: "ம், சொல்லு, இப்ப யாரைக் கேட்டுச் சொல்லப் போற?"

பதினெட்டு வருஷம் ஒரு முதலாளிகிட்டயும், நாலு வருஷம் இல்லாத முதலாளிகிட்டயும் நின்னு வேலை பார்த்தவன் சொல்றேன், ரெண்டு பேரையும் விட ஜாஸ்தி குறைச்சுக் குடுத்த ஏமாளி அன்னிக்கு நாற்காலியில உக்காந்திருந்த மூணாவது முதலாளிதான்.