முன்யேக்கா என்றால் பொம்மை

போன வாரம் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து மணிக்கட்டில் தேய்க்க ஆரம்பித்தார். பெட்டி முழுக்க நெடி. எல்லாரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கஸ்தூரி அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

டிப்ளமோ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். புது மெஷின் ஸ்பெயினிலிருந்து வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்க ஒருவரும் கூடவே வந்தார். பெயர் பாக்கோ. இரண்டே நாளில் எல்லாருக்கும் அவர் ‘பாக்கு சார்’ ஆகிவிட்டார். அவருக்கும் இங்கிலீஷ் எங்கள் அளவுக்குத்தான் வரும். அவர் பாஷை யாருக்காவது தெரியுமா என்று மேனேஜர் கேட்டபோது, ஃபோனில் பத்து நாள் பாடம் படித்திருந்த நான் கையைத் தூக்கினேன். நாற்பது வார்த்தை தெரிந்த துபாஷி. படம் பார்த்துச் சொல் பழகும் பாடம் அது. பூனை, ரொட்டி, பொம்மை என்று போகும். பொம்மைக்கு முன்யேக்கா. சிவப்புக் கவுன் போட்ட பொம்மைப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கஸ்தூரி அக்கா எளாவூர்க்காரர். கான்ட்ராக்ட் ஆள். பெல்ட்டில் ஓடிவரும் டைல்ஸைத் தூக்கி, திருப்பிப் பார்த்து, பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மதியம் நானும் அவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

ஒருநாள் பாக்கோ மெஷினை விட்டுவிட்டு அக்காவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அக்கா பக்கம் தாடையைக் காட்டி, “முன்யேக்கா, முன்யேக்கா” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அக்கா கேட்டார்.

“இன்னா சொல்றாரு அந்தாளு? என்னியே பாத்துக்கினு கீறாரு.”

“பொம்மைன்றாருக்கா, உங்கள.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைப் பார்த்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பெரிய நியாயம் செய்துவிட்ட நினைப்பு.

சாயங்காலத்துக்குள் விஷயம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை மூன்று பேரையும் மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். என்ன குற்றச்சாட்டு என்று புரிய பாக்கோவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கழுத்து வரை சிவந்துபோனார். சட்டைக் கையை மேலே தள்ளி, தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டி, “முன்யேக்கா” என்றார். பிறகு டைல்ஸைத் தூக்குவதுபோல் தூக்கி, திருப்பும் இடத்தில் முகத்தைச் சுளித்து, கையை உதறிக் காட்டினார். அப்படியே கஸ்தூரி அக்கா.

ஃபோனை எடுத்துத் தேடினேன். பொம்மைக்குக் கீழே இன்னோர் அர்த்தம் இருந்தது. மணிக்கட்டு.

நான் தலை நிமிர்ந்தபோது அக்கா வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை முடியாத கான்ட்ராக்ட் ஆளை மறுநாளே மாற்றிவிடுவார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

“வலியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்,” என்றார் அக்கா. “நல்லாதான் கீது.”

அன்றைக்குத்தான் நான் உருப்படியாகத் துபாஷி வேலை பார்த்தேன். தெரிந்த நாற்பது வார்த்தையையும் கொட்டி, இந்த அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று பாக்கோவுக்குப் புரியவைத்தேன். அவர் எழுந்து போனார். நாங்களும் பின்னால் போனோம். அக்கா நிற்கும் இடத்தை டேப் வைத்து அளந்தார். டைல்ஸ் வரும் மேடை அவர் உயரத்துக்கு அதிகம், அதனால்தான் மணிக்கட்டு மடங்குகிறது, அந்த உயரத்தில் இருக்கும் யார் நின்றாலும் இதே கதிதான் என்று மேனேஜரிடம் வரைந்தே காட்டினார். ஒரு மரப் பலகையைக் கொண்டுவந்து போட்டு அக்காவை அதன்மேல் நிற்கச் சொன்னார். வேலை தப்பியது. தைலம் தேய்த்துத் தேய்த்து வலி குறைய ஒரு மாதம் ஆயிற்று.

பாக்கோவிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார். ஆனால் அதன்பிறகு எங்களோடு டீ குடிக்க வரவில்லை. ஊருக்குப் போகும்வரை தனியாகத்தான் குடித்தார்.

அக்கா ஒரே ஒரு முறை கேட்டார். “நானே மறைச்சு வச்சிக்கினு இருந்தேன். என்னிய ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயி சொல்லியிருக்கக் கூடாதா, பாப்பா?” பிறகு அக்கா ஒரு வாரம் வேறு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார். எட்டாம் நாள் வந்து என் டப்பா மூடியில் கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவ்வளவுதான் சமாதானம்.

இப்போது அந்தப் பேக்கிங் பகுதியே இல்லை. பெண்கள் வரிசையாக நின்ற இடத்தில் ஓர் இயந்திரக் கை பெட்டி அடுக்குகிறதாம். சுற்றிலும் கம்பி வலை, யாரும் கிட்டப் போகக் கூடாதாம். ரயிலிலிருந்து இறங்கியதும் அக்கா நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். யாரோ ஒரு ஆண் எடுத்தார். கஸ்தூரி அக்கா இருக்காங்களா என்று கேட்டேன். இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷையும் தெரியாது.