பாண்டியம்மாள் தலையும் பச்சை விளக்கும்

1. ஹார்ன்

ஜீப்பு ஹார்ன் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கும். பிசியோதெரபி டெக்னீஷியனாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்தப் பரபரப்பு மட்டும் போன பாடில்லை. அதனால் ஒரு பெரிய தப்புச் செய்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

போடியில் ஒரு வாடகைக் கட்டிடத்தில் எங்கள் ஆராய்ச்சி நடந்தது. தலையில் லேசாகக் கரண்ட் கொடுத்தால் கை ஓய்ந்துபோவது தள்ளிப்போகுமா, அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா என்பதுதான் கேள்வி. உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சைத் தலையில் வைத்து, பேட்டரி மிஷினை இருபது நிமிடம் ஓடவிடுவோம். பிறகு ஒரு கைப்பிடியைத் தன் முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அழுத்தி, கை ஓயும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். ஒரு நாள் நிஜக் கரண்ட், இன்னொரு நாள் கரண்ட் இல்லாத வெறும் பாவனை. எது எந்த நாள் என்று வருகிறவர்களுக்குச் சொல்லமாட்டோம்.

ஆண்கள் எல்லாம் ஏலக்காய் மூட்டை தூக்கும் லோடுமேன்கள். பெண்கள் மலையில் ஏலக்காய் எடுப்பவர்கள். சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு ராசிங்காபுரம் திரும்பும் ஜீப்பு எங்கள் வாசலில் நிற்கும். தினம் இரண்டு பேர் உள்ளே வருவார்கள், மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒரு லோடுமேன் அண்ணன் நேரம் காட்டும் திரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அந்தக்கா என்னையவிட அம்புட்டு நேரம் பிடிச்சிருக்கு! மிஷினு ரிப்பேரா?" என்றார்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. அவங்கவங்க பலத்துக்குத் தக்கன பிடிக்கிறது. இதுல பொம்பளைங்க பெரும்பாலும் கூட நேரம் தாங்குவாங்க."

"சரி சரி, வெளிய சொல்லிறாத தாயி."

ஸ்பாஞ்சு தலையில் சரியாகப் பதிந்தால் மிஷினில் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. ஆண்களுக்கு உடனே பச்சை வரும். பெண்களோ மலைக்குளிருக்கும் ஈரத்துக்கும் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, இறுக்கிக் கொண்டை போட்டு வருவார்கள். வகிடு பிரித்து, ஸ்பிரிட் பஞ்சால் எண்ணெயைத் துடைத்தெடுக்கக் கால் மணி நேரமாவது வேண்டும். வாசலில் டிரைவர் ஹார்னை அழுத்திக்கொண்டே இருப்பார்.

"ஆத்தா, வெரசா அனுப்பு! இருட்டுறதுக்குள்ள கொண்டுபோய் விடணும்!"

எனக்கு எரிச்சல் வரும். துடைப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, சிரிஞ்சில் உப்புத்தண்ணீரை எடுத்து விளக்கு பச்சையாகும்வரை ஸ்பாஞ்சின் மேல் ஊற்றுவேன். கழுத்தில் வழிவதைத் துடைக்க ஒரு துண்டு கொடுப்பேன். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவேன்.

2. ஆண்கள் மட்டும்

கணக்கெடுத்துப் பார்த்தபோது, நிஜக் கரண்ட் கொடுத்த நாளில் ஆண்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருந்தார்கள். பெண்களுக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். எங்கள் தலைமை டாக்டர், "பொம்பளைங்களுக்கு இது எடுக்கலம்மா. அடுத்த கட்டத்துக்கு ஆம்பளைங்க மட்டும் போதும்" என்றார். அடுத்த கட்டம் என்பது பல வாரம் கரண்டும் கைப்பயிற்சியும் சேர்த்துக் கொடுப்பது.

அதை நம்பி இருந்தவர் பாண்டியம்மாள். காய் எடுத்து எடுத்து, மத்தியானத்துக்கு மேல் அவருக்கு வலது கை ஓய்ந்துவிடும். சேதி கேட்டு மறுநாளே வந்து நின்றார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காகக் குலசாமிக்கு முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்.

"ஏன் ஷமீமு, எங்கள வேணாம்னுட்டீகளாம்ல? கங்காணி, கை ஆகலேன்னா வீட்டுல இருந்துக்கங்குறான். நான் எங்க போறது?"

"உங்களுக்கு இது வேலை செய்யலையேக்கா."

"இன்னொருக்கா வச்சுப் பாரு. அப்புறம் போறேன்."

டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவரைச் சமாதானப்படுத்தத்தான் சந்தனத்தைத் துடைத்து ஸ்பாஞ்சை வைத்தேன். சிரிஞ்சைக் கையில் எடுப்பதற்குள் பச்சை வந்துவிட்டது. மிஷினை ஓடவிட்டேன். பாண்டியம்மாள் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"அன்னிக்கெல்லாம் இங்கன உப்புத்தண்ணி ஊத்துச்சு. இன்னிக்குச் சொட்டுக்கூட இல்ல. எறும்பு ஊர்றாப்புல சுருசுருங்குது. அன்னிக்கு ஒண்ணுமே தெரியலையே!"

நானும் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. நான் ஊற்றிய தண்ணீர் எண்ணெய் முடிமேல் ஓடி, ஒரு ஸ்பாஞ்சையும் இன்னொன்றையும் சேர்த்துவிட்டிருக்கிறது. கரண்ட் அந்த ஈரத்தின் வழியாகவே போய் விளக்கைப் பச்சையாக்கியிருக்கும், மூளைக்குச் சரியாகப் போயிருக்காது. பெண்களுக்கு எடுக்கவில்லை என்று எழுதினோமே, அவர்களுக்கு நாங்கள் ஒழுங்காகக் கொடுக்கவே இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"லைட்டு பச்சையா எரிஞ்சுச்சுன்னு நீதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்க?"

"எரிஞ்சுச்சு சார். நான்தான் எரிய வச்சேன்."

டாக்டர் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தார். பிறகு பெண்களின் தாள்கள் மொத்தத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "எல்லாரையும் திரும்பக் கூப்பிடு" என்றார். அவமானத்தில் அழுதுவிட்டேன்.

3. சாவி

இரண்டாம் தடவை பெண்கள் வந்ததும், முதல் வேலையாக டிரைவரிடம் ஜீப்புச் சாவியை வாங்கி என் மேஜையில் வைத்துக்கொண்டேன். சாவி இல்லாமலும் அந்த ஹார்ன் அடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடிக்கட்டும் என்று வகிடு பிரித்தேன். இந்தத் தடவை சில பெண்களுக்கு வித்தியாசம் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. ஆண்களிலும் அப்படித்தானே இருந்தது! ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அடுத்த கட்டத்துக்குப் பெண்களையும் சேர்த்தார்கள். விளக்கு பச்சையானதும் கையெழுத்துப் போடாதீர்கள், வந்தவரின் கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

அடுத்த கட்டத்தின் முதல் நாள், முதல் ஆளாகப் பாண்டியம்மாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு விரல்கடை முடி வளர்ந்திருந்தது. அதற்குள் எண்ணெய் மினுமினுத்தது.

"வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்று தலையைக் குனிந்தார். "நீ பைய தொடச்சு எடு."