கிணற்றுப் பக்கம் போன தடம்

மழை பெய்த மறுநாள் விடிந்து எழுந்தால், என் கணுக்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. கால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் படுத்திருந்தேன். சேலைக் கரையிலும் சேறு.

கரிசல் ஈரமாக இருந்தால் வைத்த காலை அச்செடுத்து வைத்துக்கொள்ளும். வாசலில் கிடந்த என் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். ஆட்டுத் தொழுவைத் தாண்டி, பருத்திக்கு ஊடே, சுற்றுச்சுவர் இல்லாத எங்கள் கிணறு வரை போயிருந்தது. விளிம்பில் இரண்டு பாதமும் சேர்ந்து நின்று, அப்புறம் திரும்பியிருந்தது. போனதும் வந்ததும் எனக்குத் தெரியாது.

யாரும் பார்க்குமுன் தடத்தையெல்லாம் மிதித்து அழித்தேன். மகன் காதில் விழுந்தால் வீட்டைப் பூட்டித் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விடுவான். இந்த வயதில் அடுத்தவர் அடுப்புக்குக் காத்திருக்க என்னால் ஆகாது.

பெரிய ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் தூக்கமில்லை என்றால் போதும், மாத்திரை வந்துவிடும். வாங்கிய பெண்கள் நாங்கள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து குழம்பு மாற்றுவதுபோல மாத்திரை மாற்றிக்கொள்வோம். எனக்குக் கொடுப்பது குறையவும், என் மூட்டுவலி மாத்திரையைக் கழுகுமலைக்காரி ஒருத்தியிடம் கொடுத்து அவளுடைய தூக்க மாத்திரையை வாங்கியிருந்தேன். என் தூக்க மாத்திரையோடு அதையும் சேர்த்துப் போட்டேன்.

அந்த மாதம் ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "மதினி, புது டாக்டரம்மா கைய இறுக்கிட்டாவ. அழுதாத்தான் மாத்திர குடுப்பாவ."

"எங்க ஐயா செத்ததுக்கே நான் சத்தம் போட்டு அழல. மாத்திரைக்கா அழுவேன்?"

டாக்டரம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"முன்னெல்லாம் வயசானவங்க கேட்டா எழுதிக் கொடுத்துட்டு இருந்தோம், பாட்டி. விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு வர்றவங்களப் பாத்துப் பாத்து இப்ப குறைக்கிறோம். தூக்கத்துல எந்திரிச்சு நடந்திருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கிணறு வரைக்கும்," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுருக்குப்பையிலிருந்து மாற்றி வாங்கிய மாத்திரையை எடுத்துக் காட்டினேன். அதைத் தன் பக்கம் வாங்கி வைத்துக்கொண்டார். என்னுடையதைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம். பாதியாக்கி, மெல்லக் குறைக்க வேண்டுமாம். தனியாகப் படுக்கக் கூடாது, மகனிடம் சொல்ல வேண்டும் என்றார்.

மகனிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் பொழுது அடைந்ததும் வந்து வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டு போகிறாள்.

"ஆட்டுக்குட்டிய அடைக்க மாதிரில்லா ஒன்ன அடைக்கேன், மதினி!"

"அடைச்சுட்டுப் போ. வெள்ளனத் திறக்க மறந்துராத."

சிரித்துக்கொண்டே போவாள். நான் உள்ளே தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, அரை மாத்திரையை விழுங்குவேன்.

முந்தாநாள் மறுபடி மழை. விடிந்ததும் முதலில் பாதத்தைத்தான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூச்சு வந்தது. நிமிர்ந்து கதவைப் பார்த்தேன்.

ராத்திரி நான் போட்ட உள்தாழ்ப்பாள் திறந்து கிடந்தது.