அண்டா மூடியில காஞ்ச கிளவுசு

அதான் அண்ணி, கைத்துப்பாக்கி சுடத்தான் அந்தக் கிளவுசு. நானும் மொதல்ல, உளுந்து புடுங்குறப்ப நாம கையில துணி சுத்திக்கிறமே, அது மாதிரின்னு நெனச்சேன். போலீசுல இருக்காளே என் பேத்தி, அவதான் சொன்னா. வெயில்ல கை வேர்த்து பிடி வழுக்கும், அதுக்கு மெல்லிசு. மழைக்கும் மார்கழிப் பனிக்கும் தோலு. வெரல் வெறச்சிப் போனா சரியா அழுத்த முடியாதாம்.

இந்த ஐப்பசி மழையில தோல் கிளவுசு நனைஞ்சிபோச்சு. மறுநா போலீசு துப்பாக்கி சுடுற போட்டிக்கு ஆள் எடுக்குறாங்க. வெயிலயே காணும். என் மருமவ, நெல்லு அவிச்ச அண்டா மூடி மேல காயவச்சிட்டா. காலையில பாத்தா கருவாடு மாதிரி சுருங்கிக் கெடக்கு.

"ஏம்மா, இதென்ன கோமணமா, கண்ட எடத்துல காயப்போட?"

"அப்ப நீயே காயவச்சிருக்க வேண்டியதுதானடி."

ஆத்தாளுக்கும் மவளுக்கும் பஞ்சாயத்து பண்ணியே ஓஞ்சிபோனேன் அண்ணி.

மெல்லிச மாட்டிக்கிட்டுதான் போனா. தூத்தல்ல அது ஊறி, தவக்காளயப் புடிச்ச மாதிரி சொதசொதன்னு இருந்துச்சாம். கழட்டிப் போட்டுட்டு வெறுங்கையால சுட்டிருக்கா. கை சில்லிட்டு, மொத குண்டுவ எங்கெங்கயோ போச்சாம். அப்பறம் கைய அக்குள்ல வச்சி வச்சி சூடாக்கி சுட்டாளாம்.

இப்பத்தான் போன் பண்ணா. கடைசி ஆளா எடுத்துட்டாங்களாம். எனக்கு ரெண்டு நாளா எறங்காத சோறு இப்பதான் எறங்குது. மருமவ என்ன சொல்றா தெரியுமா? "பாத்தீங்களா அத்தை, கிளவுசே தேவையில்ல"ங்குறா. இத எந்தச் செவுத்துல போயி முட்டிக்க?

இருங்க அண்ணி, மாடு கத்துது. தண்ணி காட்டிட்டு வந்துர்றேன்.