அறுபத்து மூன்று பேர் குடியிருந்த வீடு

காலை ஆறு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. யுத்த காலத்து வெள்ளவத்தையில் அந்த நேரத்தில் தட்டினால் சோதனைதான். இன்றும் யாராவது காலையில் தட்டினால் என் கை அடையாள அட்டையைத் தேடுகிறது.

சார்ஜன்ட் பொலிஸ் பதிவுத் துண்டை வாசித்தார். என்னையும் மனைவியையும் மகளையும் எண்ணினார். மறுபடி வாசித்தார்.

"அறுபத்து மூன்று பேர்," என்றார் சிங்களத்தில். "மற்ற அறுபதும் எங்கே?"

பிழை என்னுடையது. மீனின் முக எலும்பை எந்த மரபணு உருவாக்குகிறது என்று மகள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தாள். வளாகத்தைத் திடீரென்று மூடிவிட்டதால், அறுபது வரிக்குதிரை மீன்குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் அரை அரிசியளவு. நாலில் ஒன்றுக்கு அந்த மரபணு பழுது, கீழ்த்தாடை வளராது.

வீட்டில் புதிதாக யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். எதையும் மறைத்தோம் என்று வரக்கூடாதே என்ற பயத்தில் நான் அடுத்த நாளே போய், "மீன்குஞ்சு 60, வயது 1 நாள், காரணம்: படிப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். மேசையிலிருந்தவருக்கு என் தமிழில் விளங்கியது இலக்கம் மட்டும்தான். கூட்டி, முத்திரை குத்தித் தந்தார்.

"மீனையும் பதிஞ்சனீங்களோ?" என்றாள் மனைவி. "அறுபத்து மூன்று! நாயன்மார் கணக்கெல்லோ!"

"அப்பா, உங்களுக்கு விசரா?"

மகள் மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு மணிக்குக் குஞ்சுகளுக்கு ஐந்து நாள். அப்போதே பதப்படுத்தும் மருந்தில் போட்டு, பிறகு நீலச் சாயம் ஏற்றினால்தான் தாடைக் குருத்தெலும்பு தெரியும். பிந்தினால் வாயில்லாதவை பட்டினியில் செத்துக் கரைந்துவிடும். ஒரு வருட வேலையும் போய்விடும். சார்ஜன்டோ, மீன் என்று மகள் சொன்னதை நம்பாமல், மருந்துப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர் வரட்டும் என்று அமர்ந்துவிட்டார். அவரோடு வந்த இரண்டு சிப்பாய்கள் கட்டிலுக்குக் கீழும் அலுமாரிக்குள்ளும் அறுபது பேரைத் தேடினார்கள். ஒருவர் அரிசி வாளியைக்கூடத் திறந்து பார்த்தார்.

ஏழு ஐம்பதுக்கு அதிகாரி வந்தார். மகள் நீட்டிய பூதக்கண்ணாடியோடு மீன் கிண்ணத்தின் மேல் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"இதுக்கு நாடி இல்லையே?" என்றார், தட்டுத்தடுமாறிய தமிழில்.

"ஒரு மரபணு பழுது, சேர். அது மனிசரிலும் இருக்கு. உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்."

பேசாதே என்று நான் மகளுக்குக் கண்காட்டினேன். அவர் தன் கீழ்த்தாடையைத் தடவிப் பார்த்தார். சார்ஜன்டின் மடியிலிருந்த போத்தலை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாத்தயா, மருந்து ஊத்தினா இதுகள் சாகும்தானே?"

"ஓம், சேர்."

"அப்ப பின்னேரமே பொலிஸுக்கு வாங்க. அறுபதையும் பதிவிலயிருந்து எடுக்கவேணும். வீட்டில இல்லாத ஆளைப் பதிவில வச்சிருக்கிறது பெரிய குற்றம்."